கப்பல் மூழ்கும், கதிரை மூழ்காது

உலகத்துக் கடற்படைத் தளபதிகளுக்கும், அவர்களுக்கு மேலே கதிரையில் இருக்கும் அமைச்சர்களுக்கும், அவர்களுக்கும் மேலே விடுமுறையில் இருக்கும் ஜனாதிபதிகளுக்கும் பெல்மதுளையிலிருந்து எழுதிக்கொள்வது.

எங்கள் ஊரில் கடல் இல்லை. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ-4 வீதியில், இரத்தினபுரி தாண்டி வரும் சந்தி இது. சுற்றிவர இறப்பர், தேயிலை, இடையிடையே மாணிக்கக் குழி. கப்பல் என்றால் எங்கள் சனத்துக்கு நினைவு வருவது இரண்டுதான். பாட்டன் பூட்டன் ஏறி வந்த கப்பல் ஒன்று. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு சொந்தபந்தத்தைத் தலைமன்னாரில் ஏற்றிக்கொண்டு போன கப்பல் மற்றது. நீர்மூழ்கிக் கப்பல் எங்களிடம் மட்டுமில்லை, இலங்கைக் கடற்படையிடமே கிடையாது.

ஆனாலும் உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எங்களுக்கு உண்டு. ஒரு நீர்மூழ்கி மூழ்கிய பிறகு அரசாங்கம் என்னென்ன செய்யுமோ, அத்தனையையும் நீர்மூழ்கி இல்லாமலே செய்து கைதேர்ந்த நாட்டில் இருக்கிறோம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் மேல் மலை இறங்கும். முதல் நாள் அமைச்சர் வருவார். இரண்டாம் நாள் கமெரா வரும். மூன்றாம் நாள் அரிசியும் பாயும் வரும். நான்காம் நாள் ஒருவரும் வரமாட்டார்கள். அதன் பிறகு வருவதெல்லாம் படிவம். அதுவும் எங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில்.

ஆகவே, அடுத்த கப்பலை மூழ்கடிக்கவிருக்கும் கனவான்களின் வசதிக்காக, இதுவரை மூழ்கியவற்றிலிருந்து திரட்டிய ஆறு விதிகளைத் தருகிறேன். என் கற்பனையாக எதையும் சேர்க்கவில்லை. எல்லாம் உங்கள் ஆட்கள் செய்து காட்டியவை.

விதி 1: முதலில் கடிகாரத்தைத் திருத்தவும்

கப்பலைத் தேடுவது ஆறுதலாகச் செய்யலாம். நேரத்தை மாற்றுவதுதான் அவசரம்.

2000 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. ரஷ்யாவின் வடக்குக் கடற்படை பாரென்ட்ஸ் கடலில் பெரும் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தது. மொஸ்கோ நேரம் காலை 11.28க்கு குர்ஸ்க் என்னும் அணுசக்தி நீர்மூழ்கியின் முன்னறையில் ஒரு டோர்பிடோ வெடித்தது. இரண்டேகால் நிமிடத்தில் பக்கத்திலிருந்தவையும் சேர்ந்து வெடித்தன. அந்த இரண்டாவது வெடிப்பு நோர்வேயின் நிலநடுக்கக் கருவிகளில் பூமியதிர்ச்சியாகவே பதிவானது. பக்கத்தில் பயிற்சியில் நின்ற ரஷ்யப் போர்க்கப்பலின் கருவிக்கும் கேட்டது. மேலதிகாரிகளின் காதுக்குத்தான் கேட்கவில்லை. அவர்கள் அவசரநிலை அறிவித்தபோது இரவு 11.30 ஆகியிருந்தது. பன்னிரண்டு மணி நேரம்.

குர்ஸ்க்கின் நீளம் 154 மீற்றர். அது கிடந்த ஆழம் 108 மீற்றர். செங்குத்தாக நிமிர்த்தினால் அதன் வால் நாற்பது மீற்றருக்கு மேல் தண்ணீருக்கு வெளியே நிற்கும். அவ்வளவு கிட்டத்தில் கிடந்தது.

திங்கட்கிழமைதான் நாட்டுக்குச் சொன்னார்கள். என்ன சொன்னார்கள்? சிறு தொழில்நுட்பக் கோளாறு. கப்பல் கடலடியில் இறங்கி நிற்கிறது. உள்ளே இருப்பவர்களோடு தொடர்பு உண்டு. காற்றும் மின்சாரமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சம்பவம் நடந்தது ஞாயிற்றுக்கிழமை. ஒரு சனிக்கிழமையையே நாட்காட்டியிலிருந்து கிழித்துப் போட்டார்கள். மலை இறங்கிய நேரத்தை மாற்றி எழுதும் எங்கள் ஊர் உத்தியோகத்தர்கூட இவ்வளவு துணிய மாட்டார். ஐயா, குருவுக்கு வணக்கம்.

விதி 2: ஆளுக்கு முன்னால் இரகசியத்தை மீட்கவும்

நீர்மூழ்கி அடியில் சிக்கினால் தானாகக் கழன்று மேலே மிதந்து, இங்கே இருக்கிறேன் என்று காட்டிக்கொடுக்க ஒரு மிதவை உண்டு. குர்ஸ்க்கிலும் இருந்தது. முந்திய ஆண்டு மத்தியதரைக் கடலுக்குப் போனபோது, தவறிக் கழன்று எதிரிக்கு இடம் தெரிந்துவிடக் கூடாதென்று அதைச் செயலிழக்கச் செய்திருந்தார்கள். காரியம் கச்சிதமாக முடிந்தது. எதிரிக்குத் தெரியவில்லை. சொந்தக்காரனுக்கும் தெரியவில்லை.

மீட்கப் போன கப்பல், மரம் ஏற்றுவதற்குக் கட்டிய பழங்கப்பலை மாற்றியமைத்தது. கதவோடு பொருந்த முடியாமல் மீட்புக் கலங்கள் நாள் கணக்கில் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருந்தன. பிரித்தானியாவும் நோர்வேயும் உதவிக்கு வருகிறோம் என்றன. வேண்டாம் என்று நாட்களைக் கடத்திவிட்டு, 16ஆம் திகதிதான் தலையாட்டினார்கள். நோர்வேயின் சுழியோடிகள் வந்திறங்கி, 21ஆம் திகதி அந்தக் கதவைத் திறந்தார்கள். உள்ளே தண்ணீர்.

அப்போதும் இந்த விதியின் முழு அழகு தெரியவில்லை. அக்டோபரில் உடல்களை எடுத்தபோதுதான் தெரிந்தது. திமித்ரி கொலெஸ்னிகொவ் என்ற இளம் அதிகாரியின் சட்டைப் பையில் ஒரு கடதாசி. நேரம் 13.15 என்று குறித்திருந்தான். ஆறாம், ஏழாம், எட்டாம் அறைகளில் இருந்தவர்களெல்லாம் ஒன்பதாம் அறைக்கு வந்துவிட்டோம், மொத்தம் 23 பேர் என்று எழுதியிருந்தான். மனைவிக்கும் சில வரிகள் எழுதியிருந்தான். பிற்பாடு, எழுத முடியாத அளவுக்கு இருட்டு, கையால் தடவித் தடவி எழுதிப் பார்க்கிறேன் என்றும் எழுதியிருந்தான்.

வெடித்து ஒன்றே முக்கால் மணி நேரம் கழிந்த கணக்கு அது. மேலே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கீழே அந்த இளைஞன், தோட்டத்தில் ஆள் வரவு எடுப்பதுபோல, செக்ரோல் போட்டிருக்கிறான். கடற்படை ஆள் கணக்கை ஒளித்தது. சாகப்போகிறவன் குருட்டிருட்டில் ஆளை எண்ணி எழுதி வைத்தான். அவனுக்கு நிர்வாகம் தெரியாது போலும்.

விதி 3: குடும்பங்களை எதிரிப் படையாகக் கணக்கிடவும்

யார் யார் கப்பலில் இருந்தார்கள் என்ற பட்டியல் வெளிவரவில்லை. தன் மகன் அதில் இருந்தானா, கரையில் நின்றானா என்று தெரியாமல் தாய்மார் தொலைபேசியில் தொங்கினார்கள். கடைசியில் கொம்சொமோல்ஸ்கயா பிராவ்தா என்ற பத்திரிகை ஓர் அதிகாரிக்கு 18,000 ரூபிள் கொடுத்துப் பட்டியலை வாங்கி அச்சடித்தது. தன் பிள்ளை செத்தானா என்ற செய்தியை லஞ்சம் கொடுத்து அறிந்த நாடு. எங்களுக்குப் பொறாமையாக இருக்கிறது. இங்கே லஞ்சம் கொடுத்தாலும் பட்டியல் சரியாக வராது.

விதியாயெவோ என்ற கடற்படை ஊரில் குடும்பங்களைக் கூட்டி வைத்துத் துணைப் பிரதமர் இல்யா கிளெபனொவ் பேசினார். ஒரு தாய் எழுந்து அவரைப் பார்த்துக் கத்தினாள். பின்னாலிருந்து ஒரு தாதி வந்தாள், கையில் ஊசி. உடுப்புக்கு மேலாலேயே குத்தினாள். கத்திக்கொண்டிருந்தவள் சரிந்தாள், தூக்கிக்கொண்டு போனார்கள். முழுவதும் கமெராவில் பதிவாகி உலகம் முழுக்க ஓடியது. கேள்விக்குப் பதிலாக மயக்க மருந்து! எங்கள் அரசியல்வாதிகள் இதே வேலைக்கு மேடை போட்டு இரண்டு மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது. ஊசி எவ்வளவு சிக்கனம்.

ஊசி கிடைக்காவிட்டால் ஆர்ஜென்டீனாவின் முறையைப் பின்பற்றலாம். 2017 நவம்பர் 15இல் சான் ஹுவான் நீர்மூழ்கி 44 பேரோடு அத்திலாந்திக்கில் காணாமல் போனது. சொந்தக்காரர்கள் வீதிக்கு வந்து தேடு தேடு என்றார்கள். அரசாங்கமும் தேடியது; கப்பலை மட்டுமில்லை, சொந்தக்காரர்களின் பின்னாலும் உளவாளிகள் தேடினார்கள். யாரோடு பேசுகிறார்கள், எங்கே கூடுகிறார்கள், என்ன கோரிக்கை வைக்கப் போகிறார்கள் என்று குறிப்பெடுத்தார்கள். இதற்காக முன்னாள் ஜனாதிபதி மவுரிசியோ மக்ரி மீது 2021 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்டது. அடுத்த ஆண்டே மேல்நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. கப்பலை ஒரு வருடம் கழித்து ஒரு தனியார் கம்பனி கண்டுபிடித்தது, சுமார் 900 மீற்றர் ஆழத்தில். தூக்கியெடுக்க எங்களிடம் வசதியில்லை என்றார் பாதுகாப்பு அமைச்சர். விதவைகளின் பின்னால் அலைய மட்டும் வசதி இருந்திருக்கிறது.

விதி 4: பேச முடியாதவர் மேல் பழியைப் போடவும்

இதற்கு மூன்று பேர் எப்போதும் தயாராக இருக்கிறார்கள்: அந்நியன், இயற்கை, செத்தவன்.

குர்ஸ்க்குக்கு முதலில் அந்நியன். வெளிநாட்டு நீர்மூழ்கி மோதிவிட்டது என்று அட்மிரல்கள் மாதக் கணக்கில் சொன்னார்கள். உண்மையில் காரணம் டோர்பிடோவில் நிரப்பியிருந்த ஐதரசன் பெரொக்சைட். அது கசிந்து உலோகத்தில் பட்டால் கொதித்து வெடிக்கும். இதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. 1955இலேயே பிரித்தானியாவின் சைடன் நீர்மூழ்கி இதே வகை டோர்பிடோவால் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கி 13 பேர் செத்தார்கள். பிரித்தானியர் அந்த டோர்பிடோவைக் கைவிட்டார்கள். நாற்பத்தைந்து வருடம் கழித்தும் குர்ஸ்க்கில் அது இருந்தது, மலிவு என்பதால்.

இந்தோனேசியா இயற்கையைத் தெரிவு செய்தது. 2021 ஏப்ரல் 21இல் பாலித் தீவுக்கு வடக்கே நங்கலா 53 பேரோடு போனது. நாற்பது வருடப் பழைய ஜெர்மன் கப்பல். 838 மீற்றர் ஆழத்தில் மூன்று துண்டாகக் கிடந்ததைப் படமெடுத்த சில நாட்களுக்குள்ளேயே, மனிதத் தவறு இல்லை, இயற்கைதான் காரணம், கடலுக்கடியில் ஓர் அலை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்றது கடற்படை. அலைமேல் வழக்குப் போட முடியாது. வசதி.

இந்தியாவின் சிந்துரக்‌ஷக் கதையில் செத்தவர்கள் உதவிக்கு வந்தார்கள். அதே கப்பலில் 2010இல் விசாகப்பட்டினத்தில் மின்கல அறையில் தீப்பிடித்து ஒருவர் இறந்திருந்தார். பிறகு ரஷ்யாவுக்கு அனுப்பிப் பெருஞ்செலவில் பழுதுபார்த்துக் கொண்டுவந்தார்கள். வந்து சில மாதந்தான். 2013 ஆகஸ்ட் 14, நள்ளிரவு கழிந்த வேளை, மும்பைக் கடற்படைத் துறையில் கட்டி நின்றபடியே வெடித்தது. உள்ளே இருந்த 18 பேரும் முடிந்தார்கள். பல உடல்களை மரபணுச் சோதனையால்தான் அடையாளம் காண முடிந்தது. இரண்டு நாளைக்கு முன்னால்தான் கொச்சியில் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த்தை இறக்கி விழா எடுத்திருந்தார்கள். வெடித்த மறுநாள் செங்கோட்டையில் பிரதமர் மன்மோகன் சிங், வெற்றிகளையும் துக்கத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். பின்னர் கடற்படைக்குள்ளிருந்தே குரல் வந்தது: விதிமுறைகளை ஒழுங்காகப் பின்பற்றவில்லை. இருக்கலாம். ஆனால், அவசர அவசரமாக ஆயுதம் ஏற்றி நிற்கச் சொன்ன கால அட்டவணையை எழுதியவர் யார்? அவர் அந்த இரவு கப்பலுக்குள் தூங்கவில்லை.

இந்த விதியில் மட்டும் நாங்கள் உங்களுக்கு வாத்தியார். 2014 அக்டோபர் 29, புதன்கிழமை காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் மலை லயங்களின் மேல் இறங்கியது. எத்தனை பேர் போனார்கள் என்று அரசாங்கம் ஒரு நாளைக்கு ஒரு கணக்குச் சொன்னது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்து என்று எழுதிக் கொடுத்திருந்தது. அதற்கு வந்த விளக்கத்தைக் கேளுங்கள்: நாங்கள் எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை. எங்கே போவது? தோட்டத்தில் பிறந்தவனுக்கு நிற்க ஒரு பேர்ச் காணி தராதவர்கள், ஏன் இடம் மாறவில்லை என்று கேட்டார்கள். இயற்கை அனர்த்தம், பாதிக்கப்பட்டவரின் கவனயீனம் என்று ஒரே வசனத்தில் இரண்டு பேரையும் குற்றவாளியாக்கிய கெட்டித்தனம் இந்தோனேசியாவுக்கும் வராது, இந்தியாவுக்கும் வராது.

இங்கேதான் எங்களுக்கும் நீர்மூழ்கிக்கும் உள்ள ஒரேயொரு உறவைச் சொல்ல வேண்டும். அந்தப் புதன்கிழமை மலை இறங்கியது. வெள்ளிக்கிழமை, அக்டோபர் 31, சீனாவின் நீர்மூழ்கி ஒன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து கட்டியது. எரிபொருள் நிரப்பவும் மாலுமிகள் இளைப்பாறவும் என்றார்கள். டில்லி கோபித்தது, பீஜிங் சிரித்தது, கொழும்பு விளக்கம் கொடுத்தது. ஆழமான இடம், பாதுகாப்பு, தண்ணீர், அனுமதி எல்லாம் அந்த இரும்புக்குக் கிடைத்தன. ஒன்பது வருடம் தேடியும் மீரியபெத்தைக்குக் கிடைக்காத பத்திரமான இடம் அது.

விதி 5: பதக்கத்தை வெளியே வைக்கவும், அறிக்கையை உள்ளே வைக்கவும்

பதக்கம் பளபளக்கும் பொருள், ஆகவே வெளியே. அறிக்கை எரியும் பொருள், ஆகவே பெட்டிக்குள்.

குர்ஸ்க்கில் இறந்த 118 பேருக்கும் வீரப் பதக்கம் கொடுத்தார்கள், கப்டனுக்கு ரஷ்ய வீரர் பட்டம். நங்கலாவில் இறந்தவர்களுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். கடலடியில் போய் யாருக்குக் கட்டளையிடுவார்கள் என்று கேட்கக் கூடாது.

குர்ஸ்க் விசாரணைக் கோவை மட்டும் 133 தொகுதிகள். மக்களுக்குக் கிடைத்தது பத்திரிகையில் வந்த சில பக்கச் சுருக்கம். அந்தச் சுருக்கத்துக்குள்ளேயே பழுதான கருவி, ஒழுங்கீனம், கவனிப்பாரற்ற பராமரிப்பு என்று அடுக்கடுக்காக இருந்தது. 2002 ஜூலையில் வழக்கை மூடினார்கள். குற்றவாளி எவருமில்லை. 118 பேரைக் கொன்றது ஒரு டோர்பிடோ. டோர்பிடோவும் செத்துவிட்டது.

அமெரிக்கன் மட்டும் என்ன? திரெஷர் நீர்மூழ்கி 1963 ஏப்ரல் 10இல் 129 பேரோடு போனது. விசாரணைக் கோவைகளை வெளியில் எடுக்க ஓய்வுபெற்ற நீர்மூழ்கி அதிகாரி ஒருவர் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2020இல்தான் கட்டுக்கட்டாக விடத் தொடங்கினார்கள், 57 வருடம் கழித்து. காத்திருந்த விதவைகளுக்கு வாசிக்கக் கண்ணிருந்ததா என்று தெரிந்துகொள்ள எந்த விசாரணையும் நடக்கவில்லை.

எங்கள் வீதியிலேயே ஓர் உதாரணம் உண்டு. பெல்மதுளையிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் அவிசாவளை தாண்டியதும் சாலாவையைக் கடப்பார்கள். 2016 ஜூன் 5இல் அங்கே இராணுவ முகாமின் வெடிமருந்துக் களஞ்சியம் இரவு முழுக்க வெடித்தது. ஒரு சிப்பாய் இறந்தார், சுற்றுவட்டாரத்து வீடுகளும் கடைகளும் சின்னாபின்னமாகின. சன நெரிசலான ஊருக்கு நடுவில் குண்டைக் குவிக்கச் சொன்னவர் யார் என்பது தெரியாமலே போனது. நட்டஈட்டுக்குத்தான் சனம் அதே வீதியில் இறங்கிக் கத்த வேண்டியிருந்தது.

விதி 6: எது மூழ்கினாலும் கதிரையை மிதக்கவிடவும்

குர்ஸ்க் மூழ்கியபோது விளாடிமிர் புட்டின் கருங்கடல் ஓரத்தில் சோச்சியில் விடுமுறையில் இருந்தார். ஒரு வாரம் அங்கேயேதான் இருந்தார். செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் லாரி கிங் கேட்டார்: நீர்மூழ்கிக்கு என்ன நடந்தது? மூழ்கிவிட்டது என்றார் புட்டின். அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு புன்னகை. 133 தொகுதிகளின் சாரம் அது. இருபத்தைந்து வருடமாகியும் அந்தக் கதிரை நனையவில்லை.

வடக்குக் கடற்படைத் தளபதி வியாசெஸ்லாவ் பொப்பொவ் 2001 டிசம்பரில் பதவியிழந்தார். ஐயோ பாவம் என்று நினைக்க வேண்டாம். அடுத்த மாதமே நாடாளுமன்ற மேலவையில் மூர்மன்ஸ்க் பிரதிநிதியாகப் போய் உட்கார்ந்தார். ஊசிக் கூட்டத்துத் துணைப் பிரதமர் கிளெபனொவ் பின்னர் ஜனாதிபதியின் வடமேற்குப் பிராந்தியத் தூதரானார். தண்ணீரில் ஊறியவன் செத்தான், கரையில் நின்றவன் வளர்ந்தான்.

விதியை மீறிய ஓர் ஆள் உண்டு. பெயரைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2014 பிப்ரவரி 26இல் சிந்துரத்னா நீர்மூழ்கியில் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். இந்தியக் கடற்படைத் தளபதி அட்மிரல் டி. கே. ஜோஷி அன்றே பதவி விலகினார். தார்மிகப் பொறுப்பு என்றார். விலகலை அதே வேகத்தில் ஏற்றுக்கொண்டார் பாதுகாப்பு அமைச்சர் ஏ. கே. அந்தோணி. பழைய கப்பலுக்குப் பதில் புதுக் கப்பல் வாங்கவும், பழுதைக் காலத்தில் திருத்தவும் கோப்பில் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடும் பேனா எந்த அலுவலகத்தில் இருந்ததோ, அங்கே கதிரை அசையவில்லை. தளபதி இல்லாமல் கடற்படை ஏழு கிழமை கிடந்தது. அமைச்சர் இல்லாமல் ஒரு நாளும் கிடக்கவில்லை.

இத்தோடு வழிகாட்டி முடிந்தது. இனிப் பேசுவது உங்களோடு இல்லை, இதை வாசிக்கும் என் சனத்தோடு.

மாணிக்கக் குழிக்குள் இறங்கியவர்களுக்கு நீர்மூழ்கியைப் பற்றி யாரும் விளக்க வேண்டாம். இறப்பர்க் கட்டையால் சட்டம் போட்டு, இடைவெளியில் கெக்கில்லைத் தழையைத் திணித்து, இல்லம் என்னும் மாணிக்கச் சரளை மண்ணைத் தேடிக் கீழே கீழே போகிற குழி அது. சுவரெல்லாம் தண்ணீர் கசியும். மேலே டீசல் மெசின் விடாமல் இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். காற்று இருக்கிறதா என்று மெழுகுவர்த்தியைக் கொளுத்திப் பார்த்துத்தான் சுரங்கத்துக்குள் தலையைக் கொடுப்பார்கள். காணிக்காரனுக்கு ஒரு பங்கு, லைசன்ஸ்காரனுக்கு ஒரு பங்கு, மெசின்காரனுக்கு ஒரு பங்கு என்று கல் வருமுன்னரே எல்லாம் பேசி முடித்த தொழில். அங்கேயும் களவும் உண்டு, பொய்யும் உண்டு, மண் இடிந்து செத்தவனும் உண்டு. ஆனால் ஒரு சட்டம் மட்டும் எழுதாமலே இருக்கிறது. கீழே ஆள் இருக்கும்போது மெசினை விட்டுப் போகக் கூடாது. போனவனை ஊர் மன்னிக்காது. அவனோடு யாரும் மறுபடி குழிக்குள் இறங்க மாட்டார்கள்.

உலகத்து அரசாங்கங்களிடம் இல்லாதது இந்த ஒரு சட்டம்தான். அவை மெசினை விட்டுவிட்டுச் சோச்சிக்குப் போகின்றன, மேடைக்குப் போகின்றன, அடுத்த தேர்தலுக்குப் போகின்றன. திரும்பி வரும்போது கையில் பதக்கத்தோடு வருகின்றன. நாமும் கைதட்டி வாங்கிக்கொள்கிறோம். வீரமரணம் என்று சுவரொட்டி அடிக்கிறோம். பழுதான கப்பலுக்குள் மூச்சுத்திணறிச் செத்தவனை வீரமரணம் என்று சொல்லும்போது, பழுதைத் திருத்தாதவனுக்கு நாம் எழுதிக் கொடுப்பது விடுதலைப் பத்திரம். தியாகம் என்ற சொல்லைக் கேட்டால் இனிமேல் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அந்தச் சொல்லுக்குள் பெரும்பாலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கும்.

திருந்த முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. திரெஷர் கோவைகளை ஒளித்த அதே அமெரிக்கக் கடற்படை, அந்த விபத்து நடந்த சில மாதத்துக்குள் சப்சேஃப் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. எந்தக் குழாய், எந்த வெல்டிங், யார் பொருத்தினார், யார் சோதித்தார், கையெழுத்து எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் கடதாசி. அதன்பின் அவர்கள் இழந்த ஒரே நீர்மூழ்கி 1968இல் போன ஸ்கோர்ப்பியன்; அதற்கு அந்தச் சான்றிதழ் இருக்கவில்லை. சான்றிதழ் பெற்ற ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஆகவே இது விதி, இயற்கை, கடவுள் சித்தம் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். யார் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டால் கப்பல் மிதக்கிறது. கேட்காவிட்டால் மூழ்குகிறது.

மலையும் அப்படித்தான். 2005இல் எச்சரிக்கைக் கடிதம் வந்தபோது அதை வாங்கிக் கோவையில் சொருகியவர் யார், 2011இல் இரண்டாவது கடிதத்தை அதன் மேல் சொருகியவர் யார் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கையெழுத்தை இன்றுவரை எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

குர்ஸ்க், சிந்துரக்‌ஷக், சிந்துரத்னா, சான் ஹுவான், நங்கலா. இந்த ஐந்தில் மட்டும் 235 பேர். இவற்றுக்காக ஓர் அமைச்சராவது சிறைக்குப் போகவில்லை.

வாசிக்கிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். கடலோ மலையோ, அடுத்த முறை தொழில்நுட்பக் கோளாறு என்றோ இயற்கை அனர்த்தம் என்றோ ஓர் அறிக்கை வரும்போது கைதட்டவும் வேண்டாம், ஒப்பாரியோடு நிறுத்தவும் வேண்டாம். எத்தனை மணிக்கு நடந்தது, எத்தனை மணிக்குத் தெரியும், முன்னால் எச்சரித்தவர் யார், அந்தக் கடிதம் யார் மேசையில் இருந்தது, விசாரணை அறிக்கை என்றைக்கு எங்கள் மொழியில் எங்கள் கைக்கு வரும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்த அமைச்சரை உங்கள் ஊர் மேடையில் ஏற்றாதீர்கள், மாலையும் போடாதீர்கள்.